ஹென்லி-ஆன்-தேம்ஸ் பக்கம் அப்பாவுக்கு எதைக் காட்டலாம்?

நொய்யல்கரை (காங்கேயம்)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. தம்பி இங்கிலாந்தில் ஹென்லி-ஆன்-தேம்ஸ் என்கிற ஊரில் வீடு எடுத்திருக்கிறான். ஜூன் கடைசியில் நானும் அப்பாவும் கிளம்புகிறோம். அம்மா போன பிறகு அப்பா தோட்டத்தை விட்டு எங்கேயும் தங்கினதில்லை. இந்த ஒரு தடவையாவது வாங்கப்பா என்று கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்திருக்கிறோம்.

தம்பி ஒரு பட்டியல் அனுப்பினான். லண்டன் டவர், விண்ட்சர் கோட்டை, ஆக்ஸ்போர்டு. அப்பா அதைக் கேட்டுவிட்டு, "ராசா வீட்டைப் பாத்து நமக்கு என்ன ஆகப்போகுது கண்ணு, நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்ல இருக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அங்கே போய் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருப்பாரோ என்பதுதான் என் கவலை.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சமதரையில் எவ்வளவு தூரமானாலும் நடப்பார், படி ஏறினால்தான் முழங்கால் பிடித்துக்கொள்ளும். சின்ன வயதில் எங்கள் அப்பாருவோடு (தாத்தாவோடு) சேர்ந்து கிணறு வெட்டியவர், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டியவர். பழைய கட்டிடம், பழைய வேலைப்பாடு என்றால் நின்று தடவிப் பார்ப்பார். கூட்டம் ஆகாது. அந்த ஊரைச் சுற்றி அரை நாளில் போய்வரக்கூடிய பழமையான இடங்கள் இருந்தால் சொல்லுங்கள். போய் வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

குமாரபாளையத்தான் (இப்போது ரெடிங்)

அக்கா, ஹென்லி எனக்குப் பக்கத்து ஊர்தான். முதலில் ஒரு எச்சரிக்கை. ஜூலை முதல் வாரத்தை ஒட்டி அங்கே படகுப் போட்டி நடக்கும். 1839-இல் ஆரம்பித்தது, 1851-இல் இளவரசர் ஆல்பர்ட் புரவலர் ஆனதிலிருந்து ராயல் என்ற அடைமொழி சேர்ந்தது. ஆற்றில் 1 மைல் 550 கெஜம் நேராக ஓட்டுவார்கள். அந்த நாட்களில் ரயிலில் நிற்க இடமிருக்காது, ஊருக்குள் கார் நகராது. அப்பாவுக்குக் கூட்டம் ஆகாதென்றால் அந்த வாரம் ஊருக்குள் எதுவும் திட்டம் போடாதீர்கள்.

மற்ற நாட்களில் ஊரையே நிதானமாகச் சுற்றலாம், எல்லாம் சமதரை. ஆற்றுப் பாலம் 1786-இல் கட்டியது, ஐந்து வளைவு. நடு வளைவின் உச்சிக் கல்லில் ஒரு பக்கம் தேம்ஸ், மறுபக்கம் ஐசிஸ் (இதே ஆற்றின் மேற்பகுதிக்கு வழங்குகிற பெயர்) என்று இரண்டு முகங்கள் செதுக்கியிருக்கும். செதுக்கியது ஆன் டேமர் என்ற பெண் சிற்பி. பாலத்து மேலிருந்து பார்த்தால் தெரியாது, கரையில் இறங்கி நில்லுங்கள், இல்லாவிட்டால் படகில் போங்கள். பாலத்தை ஒட்டியே செயின்ட் மேரி தேவாலயம், அதன் பின்னால் 15-ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு ஒன்று.

கீழாற்றில் மார்லோ என்ற ஊரில் 1832-இல் முடித்த தொங்குபாலம் இருக்கிறது. கட்டிய டியர்னி கிளார்க்தான் பிறகு புடாபெஸ்டில் டான்யூப் ஆற்றின் மேல் பெரிய சங்கிலிப் பாலத்தையும் வடிவமைத்தார். பெரியதுக்குப் போவதற்கு முன் சின்னதைப் பார்க்கலாம்.

ரயில் என்றால் ட்வைஃபோர்டில் இறங்கி மாற வேண்டும். அங்கிருந்து ஹென்லிக்கு ஒற்றைக் கிளைப்பாதை, 1857-இல் போட்டது. வழியில் ஆற்றைத் தாண்டும்.

பம்ப்செட் பெரியசாமி வீட்டுப் பேரன் (கணபதி, கோவை)

அம்மிணி, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பம்ப் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் ரெடிங்கில் இருக்கிறாள், அதனால் அந்தப் பக்கம் நிறையச் சுற்றியிருக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு லண்டனும் வேண்டாம், ஆக்ஸ்போர்டும் வேண்டாம். ஹென்லிக்கு மேற்கே சுமார் 5 மைலில் ஸ்டோக் ரோ என்ற சின்னக் கிராமம். முதல் நாளே அங்கே கூட்டிப் போங்கள். அங்கே காசி மகாராஜா வெட்டிக் கொடுத்த கிணறு இருக்கிறது.

நம்ப முடியாதுதான், ஆனால் உண்மை. அந்த மேட்டு நிலத்துக்குச் சில்டர்ன் குன்றுகள் என்று பெயர். கீழே பள்ளத்தில் தேம்ஸ் நிறையத் தண்ணீரோடு ஓடும், மேலே கிராமத்தில் குடிக்க இருக்காது. தரைக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை அத்தனையும் உள்ளே இறங்கிவிடும், ஓடை நிற்காது. களிமண் குட்டையில் தேங்குகிற தண்ணீரை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள். இங்கிலாந்து என்றால் எங்கு பார்த்தாலும் பச்சை, எப்போதும் மழை என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அந்தப் பச்சைக்கு நடுவில் நம் மேட்டாங்காட்டுக் கஷ்டத்தைப் பட்ட சனங்களும் இருந்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

ஸ்டோக் ரோவுக்குப் பக்கத்து ஊர் இப்ஸ்டன். அந்த ஊர்க்காரர் எட்வர்ட் ஆண்டர்டன் ரீட், வட இந்தியாவில் உயர் அதிகாரியாக இருந்தவர். 1831-இல் ஆசம்கர் பக்கம் ஒரு ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்திருக்கிறார். காசி மகாராஜா ஈசுவரி பிரசாத் நாராயண் சிங் அவருக்கு நல்ல பழக்கம். தன் சொந்த ஊர்ப்பக்கத்திலும் தண்ணீர்க் கஷ்டம் உண்டு, வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு பையனை அவன் அம்மா அடித்ததைப் பார்த்தேன் என்று ரீட் ஒரு சமயம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மகாராஜா அதை மனதில் வைத்துக்கொண்டார். பிற்பாடு இங்கிலாந்தில் ஏதாவது தருமம் செய்ய வேண்டும் என்று நினைத்தபோது அந்தக் கதை ஞாபகம் வந்து, அங்கே ஒரு கிணறு வெட்டுங்கள், செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டார். நம்மை ஆண்ட தேசத்தின் ஏழைக் கிராமத்துக்கு நம்மவர் ஒருவர் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

1863-இல் தோண்ட ஆரம்பித்து, 1864 மே 24 அன்று, விக்டோரியா ராணியின் பிறந்த நாளில் திறந்தார்கள். ஆழம் 368 அடி. லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தின் உயரம் 365 அடி, அதைத் தலைகீழாக இறக்கினாலும் இந்தக் கிணற்றுக்குள் அடங்கிவிடும். வாய் எவ்வளவு தெரியுமா? 4 அடிதான். நம் பக்கம் கிணறு என்றால் லாரியே உள்ளே போகிற அகலத்தில் வெட்டுவோம். இது ஒரு ஆள் குந்த வைத்துக் கையை அசைக்கிற அகலம். முழுக்கக் கையால் தோண்டியது.

போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது மேலே உள்ள மண்டபம். இரும்புத் தூண்கள், அதன் மேல் வெங்காய வடிவத்தில் குவிமாடம். கூரை விளிம்பைச் சுற்றிப் பொன் எழுத்தில் காசி மகாராஜா கொடுத்த கிணறு என்று எழுதியிருக்கிறது. பக்கச் சுவர் கிடையாது, நாலு பக்கமும் திறந்தபடி, ரோட்டோரமாகவே இருக்கிறது. டிக்கெட் இல்லை. படி ஏற வேண்டியதில்லை.

நான் அதிக நேரம் நின்றது இறைக்கிற இயந்திரத்துக்கு முன்னால். வாலிங்ஃபோர்டில் வார்த்தது. பெரிய பல்சக்கரம், அதைக் கடிக்கிற சின்னப் பல்சக்கரம், கயிறு சுற்றுகிற உருளை, கையால் சுற்றுகிற பிடி. வாளி இரண்டு. ஒன்று மேலே வரும்போது மற்றது காலியாக இறங்கும். காலி வாளியின் எடை நிறை வாளியை இழுப்பதற்கு ஒத்தாசை செய்யும். அப்படியும் ஒரு வாளி மேலே வர ஏறக்குறைய 10 நிமிடம் ஆகுமாம். இந்தக் காலத்துப் பம்பைக் கழற்றிப் போட்டால் இத்தனை சுத்தமாக வேலை விளங்காது. எந்தப் பல் எதைத் தள்ளுகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். அதன் உச்சியில் தங்க நிறத்தில் ஒரு யானை நிற்கிறது. உங்கள் அப்பா அந்தப் பிடியில் கை வைத்துப் பார்க்காமல் வர மாட்டார், நான் எழுதித் தருகிறேன்.

கிணறு வெட்டியதோடு மகாராஜா நிற்கவில்லை. காவல்காரருக்கு எட்டுப்பட்டைச் சின்ன வீடு, பக்கத்தில் நிலம் வாங்கி செர்ரித் தோப்பு. பழம் விற்ற காசு கிணற்றுப் பராமரிப்புக்கு. ஊருக்குத் தண்ணீர் இலவசம். தோப்பில் மீன் வடிவத்தில் ஒரு குளமும் வெட்டியிருக்கிறார்கள், மீன் அந்த ராஜ வம்சத்தின் சின்னம். கோயில் கட்டினால் விளக்கெரிக்க நிலம் எழுதி வைப்பது நம் வழக்கம், அந்த முறையை அங்கேயும் கொண்டு போய் வைத்திருக்கிறார். கட்டிவிட்டுப் போவது யாராலும் முடியும், ஓடிக்கொண்டிருக்க வழி செய்தாரே, அதற்காகவே அந்த மனுசனைக் கும்பிடலாம். எழுபது வருசத்துக்கு மேல் அந்தச் சனங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கிரேஸ் கோர்ட். ஹென்லிக்கு மிக அருகில். பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிற பழைய பண்ணை வீடு, நடுக்கால கோபுரம், மதில் சூழ்ந்த தோட்டங்கள். முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில் நோலிஸ் குடும்பம் இருந்தது. வீட்டுக்குள் போகாவிட்டாலும் பரவாயில்லை. வெளியே கிணற்றுக் கொட்டகை ஒன்று தனியாக இருக்கிறது, அதை விடாதீர்கள். உள்ளே ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும் மரச்சக்கரம், செங்குத்தாக நிற்கும். கழுதையைச் சக்கரத்துக்கு உள்ளே ஏற்றி நடக்க விடுவார்கள். அது நடக்க நடக்கச் சக்கரம் உருளும், அச்சில் கயிறு சுற்றும், வாளி ஏறும். 1914 வரை இதில்தான் அந்த வீட்டுக்குத் தண்ணீர் இறைத்தார்கள். நம் கவலையில் மாடு வாரியில், அதாவது சரிவுப் பாதையில், இறங்கும்போது பாரம் இழுக்கும், பின்னால் ஏறும்போது சும்மா வரும். இதில் கழுதைக்கு அந்த ஓய்வு கிடையாது, ஆனால் திரும்ப வேண்டிய வேலையும் கிடையாது. எது மாட்டுக்கு நல்லது என்று கவலை ஓட்டினவர்தான் சொல்ல முடியும். உங்கள் அப்பாவைக் கேட்டு இங்கே எழுதுங்கள், எனக்குத் தெரிய வேண்டும்.

நேரம் இருந்தால் ஸ்டோக் ரோவுக்குப் பக்கத்திலேயே நஃபீல்ட் பிளேஸ். மோரிஸ் கார் கம்பெனியை உண்டாக்கிய வில்லியம் மோரிஸ், பிறகு நஃபீல்ட் பிரபு ஆனவர், 1933-லிருந்து 1963-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. சைக்கிள் கடையில் ஆரம்பித்த ஆள். அந்தக் கம்பெனியின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார்தான் நம் ஊரில் அம்பாசடர் ஆகி 2014 வரை ஓடியது. அத்தனை பெரிய பணக்காரர் வீடா இது என்று இருக்கும், அவ்வளவு சாதாரணம். படுக்கையறை அலமாரியைத் திறந்தால் உள்ளே பட்டறை சாமான். ராத்திரி தூக்கம் வராவிட்டால் எதையாவது கழற்றிச் சரி செய்வாராம். போலியோ வந்த பிள்ளைகளுக்கு மூச்சு விட உதவும் இரும்பு நுரையீரலைத் தன் கார் ஆலையிலேயே செய்ய வைத்து, கேட்ட ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் இலவசமாக அனுப்பியவர். கோவைக்காரன் எவனுக்கும் அந்த அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றும்.

நொய்யல்கரை (காங்கேயம்)

ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். அவர் சார்பில் மூன்று கேள்வி. நாலடி வாயில் 368 அடி போனால் காற்று எப்படி, மண் சரியாதா? எத்தனை அடியில் தண்ணீர் தட்டியது? இப்போதும் தண்ணீர் இருக்கிறதா?

கழுதைச் சக்கரத்துக்கும் பதில் சொல்லச் சொன்னார். மாடு பின்னால் ஏறி வரும்போது மூச்சு வாங்கிக்கொள்ளும், அதனால்தான் ஒரு தடவை பூட்டினால் அத்தனை நேரம் தாங்கும், கழுதையை உள்ளே விட்டால் அடிக்கடி ஆள் மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார். ஆனால் ஆழக் கிணற்றுக்கு மாட்டை விட்டால் வாரி கிணற்றாழம் நீளம் வேண்டும், அத்தனை இடத்துக்கு எங்கே போவது, அதற்குச் சக்கரம்தான் சரி என்றும் சொல்கிறார்.

பம்ப்செட் பெரியசாமி வீட்டுப் பேரன் (கணபதி, கோவை)

வாரி நீளம்! அது எனக்குத் தோன்றவே இல்லை அம்மிணி. சக்கரத்துக்குள் கயிறு உருளையில் சுற்றிக்கொள்வதால் எத்தனை ஆழம் போனாலும் கொட்டகை அதே அளவுதான். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மண்ணைப் பற்றி. மேலே களிமண்ணும் சரளையும், அதற்குக் கீழே பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. நம் பக்கத்துக் கருங்கல் மாதிரி வெடி வைத்து உடைக்க வேண்டாம், கைக் கருவியால் கொத்தி எடுக்கலாம். கொத்தினாலும் செங்குத்தாக நிற்கும், அதனால்தான் அவ்வளவு ஒடுக்கமாக அவ்வளவு ஆழம் போக முடிந்தது. நம் கிணறு அகலமாக இருப்பதற்குக் காரணம் வேறு. நமக்குப் பாறை இடுக்கில் ஊறுவதுதான் தண்ணீர், பக்கவாட்டில் எத்தனை ஊற்று அகப்படுகிறதோ அத்தனை லாபம். ராத்திரி ஊறியதைக் காலையில் இறைக்க இடமும் வேண்டும். சுண்ணாம்புப் பாறையில் நீர்மட்டம் வரைக்கும் இறங்கியே ஆக வேண்டும், அங்கே போனால் கிடைக்கும். இந்தக் கிணற்றிலும் அடிமட்டத்துக்குப் போன பிறகுதான் தண்ணீர்.

காற்றைப் பற்றி அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. அந்த அகலத்தில் அடியில் நின்று கொத்தியவன் தலையை நிமிர்த்தினால் வானம் ஒரு பொட்டு அளவுக்குக்கூடத் தெரிந்திருக்காது. மகாராஜா பெயர் தங்கத்தில் இருக்கிறது, இறங்கினவர்களையும் நினைத்துக்கொண்டு அங்கே நில்லுங்கள்.

குழாய்த் தண்ணீர் வந்த பிறகு இறைப்பது நின்றுவிட்டது. வாயை மூடி வைத்திருக்கிறார்கள், ஆனால் கிணறு அப்படியே இருக்கிறது. 1964-இல் நூற்றாண்டு கொண்டாடியபோது இளவரசர் பிலிப் வந்திருக்கிறார்.

சத்திக்காரன்

எல்லாம் சரி, ஆனால் விண்ட்சர் கோட்டையை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள் சகோதரி. அப்பா ராசா வீடு வேண்டாம் என்றால், நம்ம ராசாவின் சாமான் அங்கே இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். திப்பு சுல்தானின் சிம்மாசனத்தில் இருந்த பொன் புலித்தலை விண்ட்சரில்தான் இருக்கிறது. கண்ணும் பல்லும் படிகக் கல். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் பங்கு போட்டார்கள், அதில் ஒரு துண்டு. அதுவரைக்கும் கோயம்புத்தூர், ஈரோடு, சத்தி எல்லாம் மைசூர் ஆட்சிதானே. 1790-இல் எங்கள் சத்தியமங்கலத்திலேயே திப்புவின் படைக்கும் வெள்ளைக்காரப் படைக்கும் சண்டை நடந்திருக்கிறது. நம் மண்ணில் வரி வாங்கிய ராஜாவின் புலியை அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ரன்னிமீட். 1215-இல் மன்னனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று சொன்ன மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு ஜான் மன்னன் முத்திரை வைத்த ஆற்றோரப் புல்வெளி. வெறும் புல்வெளிதான், அதுவே நன்றாக இருக்கும். மேட்டில் விமானப்படை நினைவிடம். இரண்டாம் உலகப் போரில் போய், கல்லறைகூட இல்லாமல் போன 20,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பெயர் சுவரில் இருக்கும். அதில் நூர் இனாயத் கான் பெயரைத் தேடுங்கள். திப்புவின் வம்சத்தில் வந்த பெண். பிரான்சில் ரகசியமாக வயர்லெஸ் இயக்கி, பிடிபட்டு, 1944-இல் ஜெர்மனியில் நாஜிகளின் டாகாவ் முகாமில் கொல்லப்பட்டவர். புலித்தலையும் அந்தப் பெயரும் ஒரே நாளில் பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன.

கோட்டை வழக்கமாகச் செவ்வாய், புதன் மூடியிருக்கும். ஏற்றம் உண்டு, முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குமாரபாளையத்தான் (இப்போது ரெடிங்)

இத்தனை வருசம் இங்கே இருந்தும் அந்தக் கிணற்றுக்கு நான் போனதில்லை, இந்த ஞாயிறு போகிறேன். அக்கா, ஸ்டோக் ரோவுக்குப் பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள், ரொம்பக் குறைவு. தம்பி கார் ஓட்டினால் நல்லது. அந்தப் பக்கம் ரோடு இரண்டு வேலிக்கு நடுவில் ஒரு வண்டி அகலம்தான், எதிரில் வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள். கிரேஸ் கோர்ட்டும் நஃபீல்ட் பிளேஸும் எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்பும் முன் நேஷனல் டிரஸ்ட் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

நொய்யல்கரை (காங்கேயம்)

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. திட்டத்தை மாற்றிவிட்டோம். போய் இறங்கிய மறுநாள் ஓய்வு, அதற்கடுத்த நாள் ஸ்டோக் ரோ, அதோடு நஃபீல்ட் பிளேஸ் திறந்திருந்தால் அதுவும். படகுப் போட்டி வாரத்தில் ஊரை விட்டு விலகி விண்ட்சரும் ரன்னிமீடும், வியாழக்கிழமையாகப் பார்த்து. கிரேஸ் கோர்ட் கூட்டம் குறைந்த பிறகு. ஆக்ஸ்போர்டைத் தம்பி விட மாட்டேன் என்கிறான், அவனும் நானும் மட்டும் போய்க்கொள்கிறோம்.

அப்பா நேற்றே பெட்டியில் வைக்க அளவு டேப்பை எடுத்துவிட்டார். கயிற்று உருளையின் சுற்றளவை அளக்க வேண்டுமாம். எத்தனை சுற்றுக்கு வாளி மேலே வரும் என்று கணக்குப் போட்டுவிட்டு உங்களுக்கு எழுதச் சொல்லியிருக்கிறார் ஐயா.